அடுத்த கை

வடசென்னை வியாசர்பாடியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று வடக்குப் பக்கம் பார்த்தால் கொடுங்கையூர்க் குப்பைமேடு தெரியும். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், பல பத்தாண்டுகளாக, நகரின் வட பகுதிகளில் சேரும் குப்பையெல்லாம் வந்து இறங்கும் இடம் அது. கோடையில் அங்கே தீப்பிடித்தால் எங்கள் கொடியில் காயும் துணிகளில் அந்த வாடை ஏறிக்கொள்ளும். வீட்டில் அடைந்து கிடக்கும் பொருள்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் “தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானே” என்று பலரும் சொல்கிறார்கள். தூக்கிப் போட்டவை போய்ச் சேரும் இடத்தை அன்றாடம் பார்த்துக்கொண்டு குடியிருக்கும் எனக்கு அந்தச் சொல் நாவில் எளிதாக வருவதில்லை. பள்ளி ஆசிரியையாக இருந்து 2021இல் ஓய்வுபெற்ற நாளிலிருந்து, மூன்று தலைமுறையாகச் சேர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு வருகிறேன். அதில் எனக்குப் புரிந்தவற்றை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

எங்கள் வீட்டில் பொருள் சேர்ந்தது பேராசையால் அன்று, பயத்தால். அப்பா பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாட்டிக்) துணி மில்லில் நெசவுப் பிரிவில் வேலை பார்த்தார். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதே அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். வேலைநிறுத்தம், கதவடைப்பு என்ற சொற்களைக் கேட்டுக்கேட்டே வளர்ந்த குடும்பங்கள் எங்களுடையவை. அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாத வீட்டில், அறுந்த கயிற்றையும் வளைந்த ஆணியையும் யாரும் எறிய மாட்டார்கள். 1996இல் மில் மூடப்பட்டபோது அப்பா ஏற்கெனவே ஓய்வுபெற்றிருந்தார். ஆனாலும் அன்று முதல் அவர் எதையும் வெளியே விட மறுத்தார். காக்கித் துணித் துண்டுகள், மருந்துப் புட்டிகள், மூடி தொலைந்த பேனாக்கள் எல்லாம் பரணுக்கு ஏறின. போல்ட்டும் நட்டும் நிறைந்த பிஸ்கெட் டப்பா ஒன்று மட்டும் கட்டிலுக்கு அடியில், அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது.

அம்மாவுக்கு இருந்தது தண்ணீர்ப் பயம். லாரி வரும் நாளில் தெருமுனையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு விடியற்காலையிலிருந்து காத்திருந்தவர் அவர். 2003, 2004ஆம் ஆண்டுகளின் வறட்சிக்குப் பிறகு எங்கள் வீட்டில் குடங்கள் 14, டிரம்கள் 3 என்று ஆயின. அம்மா காலமான பிறகு அவற்றையெல்லாம் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருந்த சமயத்தில் 2019 கோடை வந்தது. புழல், செம்பரம்பாக்கம் என ஏரிகள் எல்லாம் வறண்டு, நகரமே குடத்தோடு அலைந்தது. ஆகவே குடங்களில் நான்கையும் டிரம்களில் ஒன்றையும் இன்றும் வைத்திருக்கிறேன். எல்லாப் பயமும் பழைய பயமாகிவிடுவதில்லை. எது இன்னும் வாசலில் நிற்கிறது, எது அப்பாவோடு போய்விட்டது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

என் சொந்தச் சேகரிப்பு புத்தகங்கள். அவற்றிலும் பெரும்பகுதி வார இதழ்களிலிருந்து பிரித்தெடுத்துப் பைண்டு செய்த தொடர்கதைகள். வியாழன்தோறும் இதழை வாங்கி வந்து, எல்லாரும் படித்து முடித்த பிறகு, கொக்கியை நிமிர்த்தித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழியாமல் எடுத்து, தலையணைக்கு அடியில் வைத்துச் சேர்ப்பது அம்மாவின் பழக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் இருந்த பைண்டிங் கடைக்கு அந்தக் கட்டை எடுத்துப்போவது என் வேலை. அங்கே மைதா மாவுப் பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டுவார்கள். பூச்சி அண்டாமல் இருப்பதற்காக அது. முதுகில் காலிகோத் துணி, அட்டையில் பளிங்குபோல் கோடு ஓடும் காகிதம், முதல் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. சில கதைகளில் ஓர் அத்தியாயம் குறையும். அந்த வாரம் கையில் காசு இல்லாமல் போயிருக்கும். குறைந்த இதழைத் தேடி மூர் மார்க்கெட்டுக்குப் போவோம். அம்மாவோடு நான் அங்கே போன கடைசி முறைக்கு அடுத்த மாதம், 1985 மே மாதத்தில், அந்தக் கட்டடம் எரிந்துபோனது. அத்தியாயங்கள் குறைந்தபடியே சில தொகுதிகள் நின்றுவிட்டன.

மொத்தம் 143 தொகுதிகள் என்னிடம் இருந்தன. ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அலமாரியைத் துடைக்கும்போது, அவற்றில் கடைசியாக நான் எதைத் திறந்து படித்தேன் என்று யோசித்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஒன்றைக்கூடத் திறக்கவில்லை என்பது தெரிந்தபோது உடம்பெல்லாம் கூசியது. காட்டுவேன், பெருமைப்படுவேன், தூசி தட்டுவேன். ஆனால் படிக்கவில்லை. மயில்துத்தத்தையும் மீறி உள்ளே இராமபாணப் பூச்சி ஓடத் தொடங்கியிருந்தது. பிரிக்காத பக்கங்களில்தான் அது நிம்மதியாகக் குடியிருக்கும்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையாவைப் பற்றி அப்போது அடிக்கடி நினைத்துக்கொண்டேன். தம் கைப்பணத்தைச் செலவிட்டு நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் சேர்த்தவர். அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை நாடு கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக 1994இல் நிறுவச் செய்தது. இன்றும் தரமணியில் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர் வைத்திருந்தது சேகரிப்பு. நான் வைத்திருந்தது அடைப்பு. இரண்டுக்கும் வேறுபாடு எண்ணிக்கையில் இல்லை. அவருடைய அலமாரிக்கு வெளியிலிருந்து கைகள் நீண்டன. என்னுடைய அலமாரிக்கு என் கையே நீளவில்லை.

முதலில் கொடுத்தது எளிதில் கொடுக்கக்கூடியவற்றைத்தான். 2023 ஜனவரியில் நந்தனத்தில் நடந்த சென்னைப் புத்தகக் காட்சியில், சிறை நூலகங்களுக்காக நூல்களைக் கொடையாகப் பெறும் அரங்கு ஒன்றைச் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்ற பெயரில் அமைத்திருந்தது. நல்ல நிலையில் இருந்த நாவல்களாகவும் வரலாற்று நூல்களாகவும் தேர்ந்தெடுத்து இரண்டு பைகளில் அடைத்து, வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி நந்தனத்தில் இறங்கினேன். புழல் சிறை எங்கள் பகுதியிலிருந்து அதிகத் தொலைவில்லை. வியாசர்பாடிப் பிள்ளைகள் சிலர் அங்கே இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் ஓரிருவர் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களுக்குத்தான் போகும் என்று நானாக எண்ணிக்கொண்டு கொடுத்தேன். திரும்பி வரும்போது கை காலியாக இருந்தது. மனம் அப்படி இல்லை.

ஆனால் பைண்டு தொகுதிகளைக் கொடுக்க மனம் வரவில்லை. அம்மாவின் கையெழுத்து இருக்கிறதே என்று ஒரு காரணம், முழுமையடையாத கதைகளை யார் வாங்குவார்கள் என்று ஒரு காரணம். படிக்க ஆசையாகக் கேட்ட ஒரு தோழியிடமும் “பொங்கல் கழியட்டும்” என்று சொல்லி வைத்தேன். ஒன்றிரண்டை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினேன். அதுவும் பாதியில் நின்றது.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழை வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது, வீட்டுக்குள் ஓர் அடிக்கு மேல் நின்றது. மழைநீரோடு சாக்கடையும் கலந்த தண்ணீர். மின்சாரம் இல்லை. மாடி வீட்டில் தங்கியிருந்து, தண்ணீர் வடிந்த பிறகு கீழே வந்து பார்த்தபோது, அலமாரியின் கீழ்த்தட்டுகள் இரண்டிலும் இருந்த தொகுதிகள் ஊறிப் பருத்து, ஒன்றையொன்று நெருக்கி, மரச்சட்டத்தோடு இறுகிப்போயிருந்தன. ஒன்றையும் உருவ முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி கடப்பாரையால் அலமாரியின் பக்கப் பலகையைப் பெயர்த்த பிறகுதான் அவை சரிந்தன. திறந்து பார்த்தேன். பக்கங்கள் ஒட்டி ஒரே கட்டியாகியிருந்தன. அம்மாவின் நீல மையெழுத்து பரவி, தண்ணீரில் விழுந்த மேகம்போல் நின்றது. 61 தொகுதிகள் போயின.

தெருவெங்கும் நனைந்த மெத்தை, பாய், பாடப்புத்தகம், பீரோ என்று மலைபோல் குவிந்திருந்தன. என் தொகுதிகளும் அந்தக் குவியலில் சேர்ந்தன. இரண்டு நாள் கழித்து லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது. அன்று மாலை மொட்டை மாடிக்குப் போய் வடக்குப் பக்கம் பார்த்தபோதுதான் அழுகை வந்தது. போன ஜனவரியில் என் கையைவிட்டுப் போன புத்தகங்கள் எங்கோ யாராலோ படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். பிரியமாட்டேன் என்று நான் பிடித்துவைத்திருந்தவை என் கண்ணெதிரிலேயே குப்பைமேட்டில் கிடந்தன. அந்தத் தோழிக்கு அன்றே கொடுத்திருந்தால் அவற்றில் பத்துத் தொகுதிகளாவது பிழைத்திருக்கும்.

அதன் பிறகு சில நாள் திருவொற்றியூருக்குப் போய்ப் பட்டினத்தார் சமாதியில் உட்கார்ந்திருந்தேன். கடல் பார்த்த இடம். பெருவணிகராயிருந்து, காதற்ற ஊசியும் கடைசி வழிக்குக் கூட வராது என்ற ஓலை கண்டு எல்லாவற்றையும் துறந்தவர் என்று அவர் கதையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அவர் வழி என் வழியாகாது. குடும்பம் இருக்கிறது, பேரன் இருக்கிறான், மாலையில் பாடம் கேட்டு வரும் தெருப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஊசி என்னோடு வீடுவரை வந்தது. காதுள்ள ஊசி உயிரோடு இருக்கும்வரை தைத்துக்கொடுக்கும். காது முறிந்ததை எடுத்துவைத்தால் அது யார் கையையாவது குத்தும். என் வீட்டுப் பொருள்களில் எதற்குக் காது இருக்கிறது, அந்தக் காதில் யார் நூல் கோக்கப்போகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கினேன்.

அப்படிப் பார்த்தபோது வேலை மெதுவாகத்தான் நடந்தது. மெதுவாக நடப்பதுதான் சரி என்றும் படுகிறது. அம்மாவின் பெரிய பித்தளை அண்டாவைத் தெருமுனை அம்மன் கோயிலுக்குக் கொடுத்தோம். ஆடி மாதம் கூழ் காய்ச்ச அவர்கள் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். போன ஆடியில் அதிலிருந்து மொண்ட கூழைச் சொம்பில் வாங்கிக்கொண்டு வந்தேன். விளிம்பில் புதிதாக ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது. பரணில் இருந்தவரை அந்த அண்டாவுக்கு ஒடுக்கு விழ வாய்ப்பே இல்லை. எவர்சில்வர்ப் பாத்திரங்களில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. யார் யார் எந்தக் கல்யாணத்துக்கு மொய்யாக வைத்தார்கள் என்பது அதில்தான் தெரியும். பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு, உடைசலாக இருந்தவற்றைக் காயலான் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் காந்தத்தை வைத்துப் பார்த்தார். ஒட்டாததுதான் நல்ல ரகம், நிக்கல் கலந்தது, விலையும் கூட. ஒட்டுவது மட்டமான ரகம். அம்மாவின் பழைய தட்டுகள் ஒன்றிலும் காந்தம் ஒட்டவில்லை. “நல்ல சாமான் வெச்சிருந்தாங்க டீச்சரம்மா” என்றார். உருகி மறுபடி பாத்திரமாகும் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை.

துணியை, மரத்தை, காகிதத்தைப் போகியன்று எரித்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் சொன்னார். பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல்ல என்பது இலக்கணம் சொல்லும் விதிதான். நானே பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் எண்ணூர், மணலி ஆலைப் புகையையும் கொடுங்கையூர்ப் புகையையும் சுவாசித்து வளரும் பிள்ளைகள் உள்ள ஊரில் இன்னொரு புகையை மூட்டிக் கழிக்க எனக்கு உடன்பாடில்லை. எஞ்சிய 82 தொகுதிகளில் பெரும்பாலானவற்றை அந்தத் தோழிக்கும், மாலைநேரத்தில் படிக்க வரும் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் கொடுத்தேன். ஐந்து மட்டும் என்னிடம் உள்ளன. அவற்றை இப்போது படிக்கிறேன், வாரத்துக்கு ஓர் அத்தியாயம், அம்மா படித்த வேகத்தில்.

கடைசியாக மிஞ்சியது அப்பாவின் பிஸ்கெட் டப்பா. அதைப் பழைய இரும்பு விலைக்குப் போட மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் இரு சக்கர வாகனம் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் இருக்கிறார், என்னிடம் ஏழாம் வகுப்பு படித்தவர். போன வாரம் டப்பாவை அவர் கடைக்கு எடுத்துப்போய்க் கொடுத்தேன். கோணி ஒன்றை விரித்து அதன்மேல் மொத்தத்தையும் கொட்டினார். அப்பா ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி வைத்திருந்ததால் பெரும்பாலானவை துருப்பிடிக்கவில்லை. தடித்த, குட்டையான ஒரு போல்ட்டை எடுத்து, எதிரே நின்றிருந்த பழைய வண்டியின் அடியில் வைத்துத் திருகிப் பார்த்தார். மரை சரியாக ஏறியது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “டீச்சர், இதே மாதிரி இன்னொன்னு இருக்குமா?” என்று கேட்டார். இருவரும் குனிந்து அந்தக் குவியலில் தேடத் தொடங்கினோம்.