விறாந்தையில் பள்ளிகொண்ட பெரியப்பா

அக்காவின் யோகா வகுப்பு இந்த வாரம் படுத்துச் செய்கிற ஆசனங்களுக்கு வந்துவிட்டது. மீன் பாடுகிற ஊராம் மட்டக்களப்பில், மீனின் பேர் கொண்ட மச்சாசனத்தில் தொடங்கியிருந்தால், அந்தப் பாட்டுக் கேட்கிற கல்லடிப் பாலத்துக்கு ஒரு மரியாதையாக இருந்திருக்கும். தொடங்கியது அனந்தாசனத்தில்.

சனிக்கிழமை பின்னேரம் விறாந்தையில் பன்பாயை விரித்து எங்களுக்கும் செய்து காட்டினாள். இடப்பக்கம் சரிந்து படுத்து, முழங்கையை ஊன்றி, உள்ளங்கையில் தலையைத் தாங்க வேண்டும். பாற்கடலில் அனந்தன் என்ற பாம்பின் மேல் விஷ்ணு பள்ளிகொண்ட கோலமாம். திருவனந்தபுரத்துக்கும் அந்தப் பாம்பின் பேர்தானாம். விளக்கம் நடக்கிறது, ஆனால் அக்காவை யார் பார்த்தார்கள்? பக்கத்தில் டிவிக்கு முன்னால் பெரியப்பா. அதே இடப்பக்கம், அதே முழங்கை, அதே கோலம். பென்சன் எடுத்த நாள் தொட்டு அப்படித்தான்.

"இதுக்கா மனே மாசாமாசம் காசு கட்டுற?"

அக்காவுக்கு வந்ததே கோபம். "பொறுங்க, மறுகாத்தான் விசயமே இருக்கு" என்று மேல் காலைத் தூக்கிப் பெருவிரலைப் பிடித்தாள். பின்தொடை இழுபடும், விலாப்பக்கம் நீளும், கவிழாமல் இருக்க வயிற்றுத் தசை வேலை செய்யும், பலனெல்லாம் அதில்தான் என்று சொல்லி முடிக்குமுன் மல்லாக்கச் சரிந்தாள்.

பெரியப்பா விடுவாரா? அவரும் காலைத் தூக்கினார். சாரனோடு. "ஐயோ, இஞ்சேருங்க!" என்று பெரியம்மா போட்ட சத்தம் நாவற்குடா வரைக்கும் கேட்டிருக்கும். தம்பியின் காற்சட்டையை மாட்டிய பிறகுதான் தொடர விட்டோம். கால் அரைவாசிதான் போனது, பெருவிரல் கைக்கு எட்டவேயில்லை. ஆனால் மனுசன் ஒரு ஆட்டம் ஆடவில்லையே! அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு வீட்டுக்குச் சனி பிடித்தது. கடைக்குப் போகச் சொன்னால் ஆசனத்தில் இருக்கிறாராம். தண்ணி மோட்டரைப் போடச் சொன்னால் மூச்சைக் கவனிக்கிறாராம். நேற்று இன்னும் ஒரு படி மேலே போய், "பெருமாள் படுத்திருக்க, லெட்சுமி காலடியில இருந்து கால் பிடிக்கிறா. படத்தில பாத்ததில்லையா?" என்றார்.

பெரியம்மா ஒரு சொல் பேசவில்லை. தேங்காய் திருவுகிற திருவலையை ஓரமாக வைத்துவிட்டு வந்து காலடியில் இருந்தார். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார். பெருவிரலைப் பிடித்து ஒரே இழுவை! நெட்டி முறிந்த சத்தத்தோடு ஆள் எழும்பி உட்கார்ந்துவிட்டார்.

"எழும்பிட்டீங்கதானே, அப்பிடியே போய் ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வாங்க."