ஜென் டிராக் கார்: ப்ரேக் உரசல் ஒரு வழியாகத் தீர்ந்தது

நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் பந்தயத்துக்கு நான் தயார் செய்யும் மாருதி ஜென்னை நியூட்ரலில் போட்டு, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுண்டினால் சக்கரம் இப்போது தடையில்லாமல் சுற்றுகிறது. பெடலை மிதித்து விட்ட பிறகும் அப்படியே சுற்றுகிறது. எனக்கு இதுதான் பெரிய வெற்றி. ப்ரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடினால், இன்ஜினில் காசு கொட்டி வாங்கிய நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

பெரிய ப்ரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) போடச் சொல்லிப் பலர் வற்புறுத்தினார்கள். மாருதி எஸ்டீம் காரின் காலிப்பரை (டிஸ்க்கை இரு பக்கமும் பிடிக்கும் கவ்வி) வைத்துப் பார்த்தேன். ரிம்மில் உரசியது. ரிம்மை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. கணக்கும் அதைக் கேட்கவில்லை. ஆளோடு 780 கிலோ, மணிக்கு 140 கி.மீ. என்றால் நிறுத்த வேண்டிய ஆற்றல் சுமார் 590 கிலோஜூல். அதில் முக்கால் பங்கை முன் டிஸ்க்குகள் இரண்டும் வாங்கினாலும், சேர்த்து 7 கிலோ இரும்பு 140 டிகிரி அளவுக்குத்தான் சூடேறும். கால் மைலுக்கு ஒரே ஒரு பிடி, அப்புறம் ஆற நேரம் உண்டு. அதனால் சூடேறினால்தான் பிடிக்கும் ரேஸ் பேட் (டிஸ்க்கை அழுத்தும் ப்ரேக் கட்டை) இங்கே வீண். குளிரிலேயே கடிக்கும் சாதாரண பேடும் புது டாட் 4 ரக ப்ரேக் ஆயிலும் போதும். ஆயிலை மட்டும் வருடா வருடம் மாற்றியே ஆக வேண்டும். புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காத ஆயில், ஈரம் ஏறிவிட்டால் 155-லேயே கொதிக்கலாம். கும்பகோணத்து ஐப்பசி அடைமழையில் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு ஈரத்தைச் சொல்லவா வேண்டும்!

சரி, உரசலுக்கு வருகிறேன். பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக மாட்டியதும் இரண்டு முன் சக்கரமும் பிடித்துக்கொண்டன. காலிப்பர் பின்களைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போட்டும் மாற்றமில்லை. காலிப்பரில் ஆயிலையும் காற்றையும் வெளியே விடும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்தால் சக்கரம் விடுகிறது. ஆக, அழுத்தம் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டரில் மாஸ்டர் சிலிண்டரைப் பிடிக்கும் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தினேன், உடனே விட்டது. பூஸ்டரிலிருந்து வரும் புஷ் ராடு, சிலிண்டர் பிஸ்டனைச் சதா தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆயில் திரும்பிப் போகும் சின்னத் துளை திறக்கவே இல்லை. ராடு முனையில் பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை ஒட்டி, சிலிண்டரை மாட்டிக் கழற்றி, நசுங்கிய தடிமனைப் பார்த்தேன்: ஒன்றுமே மிச்சமில்லை, அதாவது இடைவெளியே இல்லை. ராடு முனை நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பி, அரை மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும் வரை விடவில்லை. மெக்கானிக் அண்ணன் பேட்தான் காரணம் என்று கடைசிவரை சாதித்தார்!

பழைய காலிப்பருக்குச் சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைதான் சரி. ஆனால் பிஸ்டனைக் கழற்றிக் காட்டச் சொல்லி, துரு அரித்த குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள். டிஸ்க்கை இங்கே லேத்தில் கடைந்துகொண்டேன். ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகவில்லை.

டயர் சூடேற்ற முன் சக்கரத்தைச் சுழற்றும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது ஹேண்ட் ப்ரேக்தான். அதனால் பின் சக்கர டிரம் ப்ரேக்குக்குப் புது ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் கட்டை). நெல் இல்லாத நாளில் மாமாவின் அரிசி ஆலைக் களத்தில் சோதித்தேன். கிளட்சை மெதுவாக விட்டதும் இன்ஜின் திணறியது, வண்டி அசையவில்லை. பந்தயத் தடம் இருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் முன் பக்கெட் சீட்டும் பார்க்க வேண்டும், பின் இருக்கைச் சட்டத்தையும் கழற்றலாம் என்று இருக்கிறேன். ஆனால் இடது பின் வீல் சிலிண்டரில் (ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) லேசான ஆயில் ஈரம் தெரிகிறது. ரிப்பேர் கிட் வந்ததும் அதைப் பிரித்துவிட்டு, மறுபடி நாலு சக்கரத்திலும் ஆயிலில் சிக்கிய ஏர் எடுக்க வேண்டும்.