பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

முதல் தடவை சொந்தக் கையால் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க இறங்குபவர்கள் ஹார்ட்வேர் கடையில் முதலில் கேட்பது கலர் கார்டு. கேட்க வேண்டியது ஒரு சுரண்டியும் கொஞ்சம் பாலித்தீன் தாளும்தான். கலர் பிடிக்கவில்லை என்றால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். சுவருக்குள் ஓதம் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெயிண்டும் அடுத்த மழையில் பொருமிக்கொண்டு வந்துவிடும்.

நம் ஊர் வழக்கமே இதற்கு எதிராக இருக்கிறது. பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கிறோம். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் தப்பில்லை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உள்ளே நீர் இருந்தாலும் மெல்லக் காய்ந்துகொள்ளும். இப்போது அடிக்கும் எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட், அப்படி இல்லை. அது காய்ந்ததும் சுவர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலமாக நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவரை மார்கழியில் எமல்ஷன் போட்டு மூடினால், உள்ளே மாட்டிய ஈரம் பங்குனி வெயிலில் வெளியே வரப் பார்க்கும், படலத்தைத் தள்ளும். சேலத்தில் உட்புற வேலைக்கு மாசி, பங்குனிதான் என் தேர்வு. சித்திரையிலும் செய்யலாம், ஆனால் அந்த வெயிலுக்கு வேறு தொல்லை உண்டு, பிறகு சொல்கிறேன்.

சுவர் காய்ந்ததா என்பதைக் கையால் தொட்டுச் சொல்ல முடியாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விடுங்கள். தாளைப் பிரிக்கும்போது அதன் உட்புறத்தில், அதாவது சுவரைத் தொட்ட பக்கத்தில், முத்து முத்தாக நீர் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம்மைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது அறைக் காற்றிலிருந்து படிந்தது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒன்று, தோள் உயரத்தில் ஒன்று, கூரைக்குக் கீழே ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டினால் நீர் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கீழ்த் தாள் மட்டும் நனைந்தால் தரை ஓதம். பெரும்பாலும் முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை ஏறி, படுக்கைக்கோடாக ஒரு கறை விட்டிருக்கும். பழைய தெருக்களில் ரோட்டு மேல் ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. வாசல் மட்டம் ரோட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டில் மழை நீர் நிற்பது சுவரடியில்தான். அங்கே உள்ளே பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் போடும் மெல்லிய பூச்சு) போட்டுப் பயனில்லை. வெளியே சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணை எடுக்க வேண்டும், நீர் ஓட வழி வேண்டும். பிறகு கறைக்கு மேல் ஒரு அடி வரை பழைய பூச்சை உடைத்து, செங்கல்லைச் சில வாரம் காயவிட்டு, வாட்டர் ப்ரூஃப் திரவம் கலந்த 1:4 கலவையில் (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நாலு பங்கு) திரும்பப் பூச வேண்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு அந்தத் திரவம் 200 மில்லி என்பது வழக்கமான அளவு. இது கொத்தனார் வேலை. இங்கே காசு மிச்சம் பிடிக்காதீர்கள். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கழித்துத்தான் பட்டி, பெயிண்ட் எல்லாம்.

மேல் தாள் நனைந்தால் மொட்டை மாடியையும், அந்தச் சுவருக்குள் போகும் குழாயையும் பாருங்கள்.

சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போல உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதிர்த்துப் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பவும் உள்ளேயே போகும், காய்ந்ததும் மறுபடி பூக்கும். உப்பின் மேலேயே பட்டி போட்டால், உப்பு பட்டிக்குப் பின்னால் படிகமாகி அதைத் தட்டுத் தட்டாகப் பெயர்த்துத் தள்ளும். இதற்குச் சொந்தமான ஒரு சின்ன விஷயம்: பட்டி கலக்க உப்புத் தண்ணி போர் வேண்டாம். மேட்டூர் தண்ணி வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து வையுங்கள்.

சேலத்தில் குகை, அம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடு என்றால் இன்னொரு சோதனை உண்டு. பல வருடச் சுண்ணாம்பு ஒன்றன் மேல் ஒன்றாக ஏறியிருக்கும். அகலமான செல்லோடேப்பை ஒரு சாண் நீளம் சுவரில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் வெள்ளை மாவு அப்பிக்கொண்டு வந்தால், நீங்கள் போடப்போகும் பட்டி சுவரைப் பிடிக்காது, அந்த மாவைத்தான் பிடிக்கும். மாவு விழும்போது பட்டியும் சேர்ந்து விழும். சுவரைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, நாலு அங்குலச் சுரண்டியால் பூச்சு தெரியும்வரை எடுக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இது மட்டுமே இரண்டு முழு நாள் பிடிக்கும். குறுக்கு வழி கிடையாது. ‘மேலேயே ஒரு கோட் பிரைமர் போட்டா பிடிச்சுக்கும் சார்’ என்று யாராவது சொன்னால் டேப்பைக் காட்டுங்கள். பிரைமர் என்பது பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு, அதுவும் மாவைத்தான் பிடிக்கும்.

பட்டியில் இரண்டு வகை. வாளியில் குழைவாக வரும் அக்ரிலிக் பட்டி போடச் சுலபம்தான், ஆனால் ஈரம் பட்டால் இளகும். மூட்டையில் பவுடராக வரும் வெள்ளை சிமென்ட் பட்டி கைக்குக் கொஞ்சம் பழக வேண்டும், பழகினால் நிற்கும். நான் சொல்வது இரண்டாவதை.

ஒரு கிலோ பவுடருக்கு 350 முதல் 400 மில்லி தண்ணீர். புதியவர்கள் ஒரு தடவைக்கு 2 கிலோவுக்கு மேல் கலக்க வேண்டாம். கட்டி இல்லாமல் பத்து நிமிஷம் நன்றாகக் குழைக்க வேண்டும், கரண்டியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும். கலந்தது மூன்று மணி நேரத்துக்குள் தீர வேண்டும். இறுகியதும் தண்ணீர் ஊற்றிக் கிண்டி உயிர் கொடுக்கப் பார்ப்பார்கள், அந்தப் பட்டி காய்ந்ததும் மாவாகிவிடும்.

மாவாவதற்கு இன்னொரு காரணம் நம் ஊர் வெயில். காய்ந்து கொதிக்கும் சுவர் தண்ணீருக்கு அலையும். பட்டி வைத்த உடனே அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும், சிமென்ட் இறுக நீர் மிச்சம் இருக்காது. மறுநாள் உள்ளங்கையால் தடவினால் கை வெள்ளையாகும். அதனால் ஒவ்வொரு பகுதியாகப் பட்டி பார்க்கும் முன் சுவரில் தண்ணீர் தெளித்து, மினுமினுப்பு அடங்கியபின் போடுங்கள். ஓதம் இருக்கக் கூடாது என்று இவ்வளவு சொல்லிவிட்டு இப்போது நனைக்கச் சொல்வது முரண் போலத் தெரியும். இது மேல் தோல் ஈரம், சில மணி நேரத்தில் போய்விடும்.

முதல் கோட்டைக் கீழிருந்து மேலாக, எட்டு அங்குலப் பிளேடால், அழுத்தி இழுங்கள். அது காய்ந்தபின் இரண்டாவது கோட். இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம், ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணயத்தின் கனம். அதைவிட ஆழமான குழியைப் பட்டியால் நிரப்பினால் விரியும். முதலில் மணல் சிமென்ட் கலவையால் அடைத்துக் காயவிட்டு, அதன் மேல் பட்டி. முடி போன்ற விரிசல் என்றால் சுரண்டி முனையால் கீறி வாயைக் கொஞ்சம் அகலமாக்கி அடையுங்கள். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்கோடாக வரும் விரிசலுக்கு ஃபைபர் வலை டேப் வைக்காமல் எதைப் போட்டாலும் திரும்ப வரும். விரல் நுழைகிற விரிசல், கதவு மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் என்றால் பட்டியைக் கீழே வையுங்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

தேய்க்க 180 உப்புத்தாள், பிறகு 320. பகல் வெளிச்சத்தில் சுவர் கண்ணாடி மாதிரித்தான் தெரியும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பிளேடு விட்ட வரப்பு ஒவ்வொன்றுக்கும் நிழல் விழும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்து, காலையில் அதை மட்டும் தேயுங்கள். முகத்துக்கு என்95 மாஸ்க் கட்டாயம், கைக்குட்டை போதாது. தேய்த்த தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடித்தால் செல்லோடேப் கதைதான் மறுபடியும்.

கணக்கு இப்படி. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்து அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழு கதவு ஒன்று, நாலுக்கு நாலு ஜன்னல் இரண்டு, கழித்தால் 387. சிமென்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 சதுர அடி வரும், ஆகவே ஒரு 40 கிலோ மூட்டை போதும். பிரைமர் ஒரு கோட், 4 லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்குப் பழகாத கையில் லிட்டருக்கு 55, 60 சதுர அடிதான் போகும், 7 லிட்டர் வாங்குங்கள். டப்பா மேல் போட்டிருக்கும் பெரிய எண் வழுவழுப்பான சுவரில், தேர்ந்த கையில் வருவது. கூரை 120 சதுர அடி, அதற்குத் தனியாக வெள்ளை. கலர் கலந்து தரும் எமல்ஷன் இரண்டு மூன்று டப்பாவில் வந்தால், எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். டப்பாவுக்கு டப்பா ஒரு இழை வித்தியாசம் இருக்கும், நடுச் சுவரில் மாறினால் கண்ணை உறுத்தும்.

பிரைமருக்கும் பெயிண்டுக்கும் எவ்வளவு தண்ணீர் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் எழுதியிருப்பதை அளவு ஜாடியில் அளந்து ஊற்றுங்கள், கண் மதிப்பு வேண்டாம். ஒரு கோட் கெட்டியாகவும் அடுத்தது நீர்த்தும் இருந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும்.

மின்சாரப் பெட்டியில் அந்த அறைக்கான எம்.சி.பி. சுவிட்சை அணைத்துவிட்டு சுவிட்ச் பிளேட்களைக் கழற்றுங்கள். முதலில் கூரை, பிறகு சுவர். புது ரோலரைக் கழுவிக் காயவைத்து, டேப்பை ஒட்டி ஒட்டி இழுத்து உதிரி இழைகளை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுவரில் மயிர் முளைக்கும். ஓரங்களை 2 அங்குல பிரஷ்ஷால் கட்டிங் செய்யும்போது ஒரு சுவர் மட்டும் செய்து, அது ஈரமாக இருக்கும்போதே ரோலரை ஓட்டுங்கள். நான்கு சுவருக்கும் கட்டிங் முடித்துவிட்டு வந்தால், அதற்குள் ஓரம் காய்ந்து, படச் சட்டம் போல் சுற்றிலும் கோடு நிற்கும். சித்திரை வெயிலின் தொல்லை என்றேனே, அது இதுதான். மேற்குச் சுவர் மத்தியானத்துக்கு மேல் அடுப்புக்கல்லாகிவிடும், ரோலர் திரும்பி வருவதற்குள் முந்தின ஓட்டம் காய்ந்து வரி விழும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடியுங்கள், ஃபேனைப் போடாதீர்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம். மாஸ்கிங் டேப்பைக் கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே எடுங்கள், காய்ந்தபின் இழுத்தால் பெயிண்டும் தோலாக உரிந்து வரும்.

பழைய மரக் கதவு ஜன்னலை உப்புத்தாளால் காய்ந்த மாதிரியே தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகத் தேய்த்து, வழித்த சேற்றைக் கந்தலில் துடைத்து எடுங்கள். அந்த நேரம் குழந்தைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

ஏற்காட்டில் வீடு என்றால் மேலே சொன்ன பல கணக்கும் தலைகீழ். 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், குளிர்ந்த சுவர். அங்கே பாலித்தீன் தாளின் நம் பக்கம்தான் அடிக்கடி நனையும். காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, பீரோவுக்குப் பின்னாலும் கட்டில் தலைமாட்டிலும் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும். அதன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக மேலே வந்துவிடும். கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தடவி, பத்து நிமிஷம் விட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீரியம் போதவில்லை என்று டாய்லெட் ஆசிட்டை மட்டும் அதில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு வரும், ஆளைச் சாய்த்துவிடும். அங்கே பனி விலகிய பின் பத்து மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்குள் நிறுத்துங்கள், கோட்டுக்கு நடுவே எட்டு மணி நேரமாவது விடுங்கள். வேலை முடிந்ததும் பீரோவைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளியே போடுங்கள்.

மிச்சப் பெயிண்டைப் பெரிய டப்பாவிலேயே விட்டால் உள்ளே இருக்கும் காற்றிலேயே ஏடு கட்டும். சின்ன கண்ணாடி பாட்டிலில் விளிம்பு வரை நிரப்பி மூடி, கலர் நம்பர், எந்த அறை, எந்த மாதம் என்று எழுதி ஒட்டுங்கள். பின்னால் ஆணி பிடுங்கிய இடத்தைச் சரிசெய்யும்போது பிரஷ்ஷை எடுக்காதீர்கள், சுவரெல்லாம் ரோலர் தடமாக இருக்க அந்த ஒரு இடம் மட்டும் தனியாகத் தெரியும். அதற்கென்றே நாலு அங்குலக் குட்டி ரோலர் விற்கிறது.