காப்பியைத் தொடாத விருந்தாளிகள்

ஜோர்டானின் வாடி ரம்மில் எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் ஹுவைத்தாத் பழங்குடிக்காரர். பகலெல்லாம் ஜீப்பில் மணலும் பாறையுமாகச் சுற்றிக் காட்டிவிட்டு, இரவில் ஆட்டுமயிர்க் கூடாரத்தில் காப்பி ஊற்றினார். கைப்பிடியில்லாத சின்னக் கோப்பை, அடியில் ஒரு வாய்க் காப்பி. சர்க்கரை கிடையாது, ஏலக்காய் தூக்கல். போதுமென்றால் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றிவிடுவார்கள்.

“குடிக்காமல் கீழே வைத்தால்?” என்று கேட்டேன். பேச்சு, பாலைவன அரபுப் பழங்குடிகளான பெதூயின்களின் வழக்கச் சட்டத்துக்குப் போனது அப்படித்தான்.

காப்பியைத் தொடாமல் வைத்தால், ஏதோ கேட்டு வந்திருக்கிறார் என்று பொருளாம். ஒரு கொலை விழுந்தால், கொன்றவன் தரப்புக்காகப் பெரியவர்கள் திரண்டு செத்தவர் வீட்டுக்குப் போவார்கள். இந்தக் கூட்டத்துக்கு ‘ஜாஹா’ என்று பெயர். வீட்டுக்காரர் சம்மதம் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவார்கள். முதலில் ‘அத்வா’: குறிப்பிட்ட காலத்துக்குப் பழிவாங்குவதில்லை என்ற ஏற்பாடு. அதற்கு மதிப்புள்ள ஒருவர் ஜாமீன் நிற்பார். அந்த வாக்கை மீறினால் அவரையே அவமதித்ததாகும். அதற்குத் தனி அபராதம்.

இதுவரை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்ததுதான் ஒப்பவில்லை. கொன்றவன் ஒருவனாக இருந்தாலும், ஐந்து தலைமுறைக்குள் தந்தைவழிச் சொந்தம் முழுக்கப் பொறுப்பு. ‘ஜல்வா’ என்ற பெயரில் குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்ய வேண்டும். “போலீஸ் இல்லாத பாலைவனத்தில் ஒருத்தனை யார் பிடிப்பது? சொந்தக்காரர்கள் மாட்டுவார்கள் என்றால் அவர்களே அவனை அடக்கிவைப்பார்கள்” என்றார் அவர். சரிதான். ஆனால் பெரியப்பா பேரன் செய்ததற்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏன் ஊர் மாற வேண்டும்? 1976-இல் அரசு பழங்குடிச் சட்டங்களை ரத்து செய்தும் வழக்கம் விடவில்லை. கொன்றவன், அவன் அப்பா, பிள்ளைகள் என்று ஜல்வாவைச் சுருக்கும் உடன்பாடு 2021-இல்தான் வந்தது.

இன்னொன்று ‘பிஷா’. சாட்சியில்லாத வழக்கில், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியைக் குற்றம் சாட்டப்பட்டவன் நக்க வேண்டும். நாக்கு வெந்தால் குற்றவாளி. பொய்யனுக்குப் பயத்தில் வாய் வறண்டு சுட்டுவிடும் என்பது கணக்கு. ஜோர்டானில் இதற்குத் தடை வந்துவிட்டது. எகிப்தின் சினாய்ப் பக்கம் அதற்குப் பிறகும் நடந்திருக்கிறது. எனக்கெல்லாம் அந்தக் கரண்டியைப் பார்த்ததுமே வாய் வறண்டுவிடும். எந்த ஆட்டையும் திருடாமலே மாட்டிக்கொள்வேன்.