தடைக்காலத்தில் ஒரு மலை

மே 3, 2024, வெள்ளி

ஏப்ரல் 15-இல் தொடங்கிய தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. காசிமேட்டில் வலையெல்லாம் சரிபார்த்து முடித்துவிட்ட நைனா, இப்போது வீட்டில் எங்களைச் சரிபார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை எங்காவது கூட்டிப் போ என்கிறாள் அம்மா. மலை பார்க்கணுமாம் என் மகளுக்கு. இந்தப் பக்கம் பிறந்த பிள்ளைக்கு மேடு என்றால் கொடுங்கையூர் குப்பைமேடுதானே. சரி, மகாபலிபுரம்.

மே 5, ஞாயிறு

பஸ் மாறி மாறிப் போய் இறங்கியபோது மணி பதினொன்று. மே மாத வெயிலில் பாறை ஏறப் போனது என் புத்தி. வெண்ணெய் உருண்டை என்கிற பெரிய உருண்டைப் பாறையின் நிழலில் ஊரே உட்கார்ந்திருந்தது.

மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தில் ஒதுங்கினோம். ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை போருக்குப் பாய்கிறாள். எதிர்ச் சுவரில் பெருமாள் பாம்பின்மேல் நிம்மதியாகப் படுத்திருக்கிறார். "நம்ம வீடுதான்" என்றாள் அம்மா.

அதற்கு நேர் மேலே, உச்சியில், மேல்தளம் இழந்த சின்னக் கற்கோயில். பல்லவர் கட்டியது, 8ஆம் நூற்றாண்டு. உழக்கெண்ணெய் ஈசுவரர் என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இதன் தலையில்தான் கலங்கரை விளக்கை வைத்திருந்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் பக்கத்துப் பாறையில் தனிக் கோபுரம் எழுந்த பிறகுதான் ஈசுவரருக்கு ஓய்வு.

கிழக்கே கடற்கரைக் கோயில் கைப்பிடி அளவில் தெரிந்தது. தெற்கே கல்பாக்கம். நைனா சிற்பம் எதையும் நின்று பார்க்கவில்லை. கடலில் நின்ற பைபர் போட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவற்றுக்குத் தடை இல்லையே, அந்த வயிற்றெரிச்சல். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி இந்தப் பக்கம் வந்தா மொதல்ல இந்த லைட்டுதான் கண்ணுல படும். நாப்பது வருசமா அங்கருந்து பாக்குறேன். இங்கருந்து இன்னிக்குத்தான்."

இறங்கச் சொல்லி யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

மே 6, திங்கள்

காலையில் டீயோடு நைனா தாத்தா கதையை எடுத்தார். கட்டுமரத்தில் போன தாத்தாவுக்கு அடையாளம் ஐகோர்ட் கும்மட்டத்து விளக்கு. 1894 முதல் 1977 வரை அங்கேதான் எரிந்தது. பிறகு மெரினாவுக்குப் போய்விட்டது. "அங்க கோயில் மேல, இங்க கோர்ட்டு மேல. எது உசரமோ அதுல வெளக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு ஐகோர்ட் உச்சிக்கு ஏறலாமா என்று கேட்டாள் மகள்.

"கேசு போட்டாத்தான் உள்ள வுடுவாங்க கண்ணு" என்று சொல்லிவிட்டு, பழுதே இல்லாத வலையை மறுபடி விரித்தார்.