96-இல் தொடங்கி 6-இல் முடிவது

மார்ச் 14

யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி நாங்கள் இலவசமாகத் தரும் கணினிப் போர் விளையாட்டை, நேற்று இரவு மூன்று மணி நேரம், அதற்கு நான் போட்ட இசையையே கேட்டுக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாயை மனதில் வைத்து வரைந்த வரைபடம், கிழக்கே கொங்குப் படை, மேற்கே கோட்டை. பின்னணியில் திரும்பத் திரும்ப ஓடும் 80 விநாடி இசைத்துண்டு, லூப், ஒன்று. கணக்குப் போட்டால் மூன்று மணி நேரத்தில் அது 135 முறை திரும்பியிருக்கிறது. நாற்பது முறை தாண்டியதும் புல்லாங்குழல் எப்போது நுழையும் என்று தெரிந்துபோய், அந்த இடம் வருவதற்கு முன்பே எரிச்சல் வந்தது. மோகனத்தில் எவ்வளவு ஆசையாகப் போட்ட மெட்டு அது!

மெட்டு அழகாக இருப்பதுதான் இங்கே தொல்லை. வியூக விளையாட்டில் ஆள் யோசித்துக்கொண்டிருக்கிறார், எந்தப் படையை எந்த மேட்டில் நிறுத்தலாம் என்று. அந்த நேரத்தில் மெட்டு வந்து கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. புல்லாங்குழலை எடுத்துவிட்டேன். இரண்டு சுற்றுக்குத் தம்புராவும் காற்றும் மட்டும், அப்புறம் தாளம். அம்மா அடுக்களையிலிருந்து "இப்பத்தான் காதுக்குச் சுகமா இருக்கு"ன்னு சொன்னாங்க.

மார்ச் 16

தாளத்துக்கு வழி கிடைத்துவிட்டது, தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பஞ்சாரி என்கிற கேரளக் கோயில் செண்டை மேளத்துக்கு ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம். முதல் காலத்தில் ஒரு சுற்றுக்கு 96 அட்சரம் (அடி), அடுத்தது 48, பிறகு 24, 12, கடைசியில் 6. சுற்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும், கேட்பவனுக்கு நெஞ்சு வேகமாக அடிக்கும். சின்ன வயதிலிருந்து கோயில் வாசலில் நின்று கேட்டது இது, போர் ஒன்று மெல்ல மூளுவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தோன்றவில்லை. எதிரி கண்ணில் படாதவரை 96. ஒற்றன் வந்து சொன்னால் 48. கைகலப்பில் 24. கோட்டை வாசலுக்கு வந்துவிட்டால் 12, 6.

ஒவ்வொரு காலமும் ஒரு தனி ஒலி அடுக்கு, லேயர். எல்லா லேயரும் ஒன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும், விளையாட்டு எதன் ஒலியைக் கூட்டுகிறதோ அது காதில் விழும். நிமிடத்துக்கு 72 அடி வைத்தால் 96 அடிக்கு 80 விநாடி, 6 அடிக்கு 5 விநாடி, ஆக 5 விநாடிக்கு ஒருமுறை காலம் மாறலாம். இன்னொரு வசதியும் உண்டு: 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் (விநாடிக்கு 48,000 ஒலி அளவீடு, அதாவது சாம்பிள்) ஓர் அடிக்குச் சரியாக 40,000 சாம்பிள். 70 அடி வைத்துப் பார்த்தேன், பின்னம் வருகிறது, பின்னம் வந்தால் லூப் ஒட்டும் இடத்தில் எப்போதாவது ஒரு சொடுக்கு கேட்கும். கோப்பு ஓக் வோர்பிஸ் என்கிற ஒலி வடிவில்தான். எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துகொள்கிறது, பாட்டுக்கு அது தெரியாது, லூப்புக்கு நன்றாகவே தெரியும்.

மார்ச் 19

போன வருடம் பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன்படைத் திருவிழா அன்று கைபேசியில் பிடித்த செண்டை மேளத்தை இன்று உள்ளே போட்டுப் பார்த்தேன். படையெடுத்து வந்த கொங்கு அரசனைப் பகவதி துரத்தியடித்த கதையைத்தான் அங்கே விழாவாகக் கொண்டாடுகிறார்கள். வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிற நானும் வருடாவருடம் அந்தக் கூட்டத்தில் நிற்கிறேன். பதிவு அபாரமாகப் பொருந்தியது. உடனே எடுத்தும் விட்டேன்.

பஞ்சாரி யாருக்கும் சொந்தமில்லை, வாசித்தவர்களின் வாசிப்பு அவர்களுடையது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே நிகழ்த்துபவர் உரிமை என்று தனியாக இருக்கிறது, 50 ஆண்டுக் காலம். தெருவில் நின்று பதிவு செய்தேன் என்பதால் அது என்னுடையதாகிவிடாது. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு மனம் ஒப்பியிருக்காது. என் கையில் இல்லாத ஒன்றை "யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று உலகத்துக்கு எப்படி எழுதித் தருவது?

மார்ச் 20

காசு கொடுத்து வாங்கிய நாகஸ்வரச் சாம்பிள் தொகுப்பும் (ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிந்த ஒலித்துண்டுகள்) போயிற்று. அதன் நிபந்தனையை இன்றுதான் கடைசி வரி வரை படித்தேன்: இசையில் சேர்க்கலாம், சாம்பிளைத் தனியாகப் பகிரக் கூடாது. நானோ ஒவ்வொரு லேயரையும் தனிக் கோப்பாகத் தருகிறேன், நீண்ட ஒற்றைச் சுரம் ஓடும் லேயர் கிட்டத்தட்ட அந்தச் சாம்பிளேதான். அந்த இடத்துக்கு விஎஸ்சிஓ 2 சமூகப் பதிப்பு என்கிற இலவசச் சாம்பிள் தொகுப்பிலிருந்து செல்லோ எடுத்தேன், அது சிசி0, உரிமையை முழுதாக விட்டுக்கொடுத்தது, எந்தக் கேள்வியும் இல்லை.

மார்ச் 23

இந்த விளையாட்டில் நிரலுக்கு ஜிபிஎல் என்கிற கட்டற்ற மென்பொருள் உரிமம், படங்களுக்கும் இசைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பின் பை-எஸ்ஏ 4.0 உரிமம். பெயர் போட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், அவ்வளவுதான். 2015-இல் பை-எஸ்ஏ 4.0 படைப்பை ஜிபிஎல் 3-க்குள் கொண்டுபோகலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸே அறிவித்துவிட்டது, ஆக இரண்டுக்கும் சண்டை இல்லை.

"வணிகத்துக்குக் கூடாது" என்கிற என்சி உரிமம் போட்டால் என்ன என்று எனக்கும் ஒரு வாரம் ஆசை இருந்தது. போட்டால் டெபியன் லினக்ஸின் முதன்மைத் தொகுப்பில் அந்த இசைக்கு இடமில்லை, விளையாட்டை ஒரு டிவிடியில் போட்டு ஐம்பது ரூபாய்க்கு விற்கிற ஆளும் மாட்டிக்கொள்வார். நிரல் எழுதியவர்கள் அத்தனை பேரும் விட்டுக்கொடுத்த பிறகு இசைக்காரன் மட்டும் வாசலில் கயிறு கட்டக் கூடாது.

மார்ச் 27

எடுத்துவிட்ட மேளத்துக்குப் பதிலாகப் புதிதாக வாசித்துத் தருவாரா என்று கேட்க, சித்தூர்ப் பக்கம் செண்டை ஆசானைப் பார்க்கப் போனேன். எழுபதை நெருங்கும் வயது, கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு வந்து பழகிய தமிழ். லேப்டாப்பைத் திறந்து விளையாட்டைக் காட்டினேன், படைகள் நகர்வதைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இதை விக்கலாமா தம்பி, வேற ஆளு?"

"விக்கலாம் ஆசானே. உங்ககிட்டயும் கேக்க மாட்டாங்க, எங்கிட்டயும் கேக்க மாட்டாங்க. ஒருக்கா குடுத்துட்டா திரும்ப வாங்கவும் முடியாது."

இதைச் சொல்லும்போது எனக்கு வாய் உலர்ந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அன்றைக்கே சம்மதித்திருப்பார். அப்படி வாங்குகிற சம்மதம் எனக்கு வேண்டாம்.

"சினிமாக்காரன் எடுத்துப் போட்டா?"

நல்ல வேளை, இதற்கு உரிமத்திலேயே பதில் இருக்கிறது. ஓடும் படத்தோடு நேரம் சேர்த்து இசையை வைத்தால் அது எப்போதும் தழுவல்தான் என்று 4.0-இல் எழுதியிருக்கிறது, அந்தப் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டிவரும். விளக்கினேன். "அப்போ அவனும் சும்மா குடுக்கணும்" என்று தொடையைத் தட்டினார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மார்ச் 30

சம்மதம்! ஒரே நிபந்தனை: தன் பெயர் மட்டும் போதாது, ஐந்து பேர் பெயரும் வர வேண்டும். உருட்டு செண்டை, வீக்கன் செண்டை, இலத்தாளம் (கைத்தாளம்), கொம்பு, குழல், இந்த வரிசையில். இலத்தாளம் போடுகிற பையனுக்குப் பத்தொன்பது வயது, அவன் பெயர் இதுவரை எந்த நோட்டீஸிலும் வந்ததில்லையாம்.

ஆளுக்கு 1,500 ரூபாய் என் சேமிப்பிலிருந்து. விளையாட்டு இலவசம் என்பதற்காக அவர்களுடைய ஒரு நாள் உழைப்பு இலவசமாகிவிடாது.

இரவு ஒப்புதல் தாளை எழுதினேன், மலையாளத்திலும் தமிழிலும். நம் சட்டத்தில் உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், காலத்தைக் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான், எல்லையைக் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். அதனால் "உலகம் முழுவதும், உரிமைக் காலம் முடியும் வரை" என்று இரண்டு மொழியிலும் எழுதி, திரும்பப் பெற முடியாது என்பதை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டேன். கையெழுத்துக்கு முன்னால் ஐந்து பேருக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

ஏப்ரல் 5

பதிவு முடிந்தது. ஆசான் வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில், இரண்டு மைக். செண்டைக்குப் பக்கத்தில் மைக் வைத்தால் மற்றதெல்லாம் செத்துவிடுகிறது, நாலு இடம் மாற்றி, கடைசியில் பதினைந்தடி தள்ளி வைத்தேன். 72-இல் காதில் தட்டும் ஒலி கொடுத்தால் ஆசான் கழற்றி எறிந்துவிட்டார். அவர் தாளம் மேலேறத்தான் செய்யும், மேளம் அப்படித்தான். பிறகு பையன் மட்டும் காதில் மாட்டிக்கொண்டு இலத்தாளத்தைப் பிடித்தான், மற்ற நால்வரும் அவனைப் பார்த்து வாசித்தார்கள். ஐந்து காலமும் 72-இலேயே நின்றன.

பம்பையும் உருமியும் அடுத்த மாதம், பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்களோடு. அவர்களுக்கும் இதே தாள், இதே தொகை.

ஏப்ரல் 8

ஐந்து லேயரையும் சேர்த்து ஆசானிடம் போட்டுக் காட்டினேன். 24-லிருந்து 12-க்குத் தாவும் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"கலாசம் எங்கே?"

ஒரு காலம் முடியும்போது கலாசம் என்கிற முடிப்பைக் கொட்டித்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நான் சும்மா ஒலியை ஏற்றி இறக்கியிருந்தேன். "படியில்லாம திண்ணை கட்டியிருக்கே தம்பி" என்றார். அவர் சொன்னதும்தான் எனக்கும் கேட்டது, அந்த மாற்றம் ஏன் எப்போதும் சப்பென்று இருந்தது என்று. நாலு மாற்றத்துக்கு நாலு கலாசம், ஒவ்வொன்றும் 6 அடிக்குள் அடங்கினால் 5 விநாடிக் கணக்குக் கெடாது. அடங்குமா என்று கேட்டேன். தொடையிலேயே கொட்டிக் காட்டினார், அடங்கியது.

நாளைக் காலை ஐந்தரைக்குத் தோப்பில், ரோட்டில் லாரி ஓடத் தொடங்குவதற்குள். பையனுக்குச் சொல்லியாகிவிட்டது.