சதர்லாந்து போய்க் கேட்டையைப் பார்த்தோம்

தென்னாப்பிரிக்காவில் வானாய்வகம் இருக்கும் சதர்லாந்து ஊருக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் கேப் டவுன் திரும்பினோம். ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் கோபம். சின்ன காருக்குத்தான் முன்பணம் கட்டியிருந்தோம். வாடகைக் கடையில் அது இல்லை என்று சொல்லி, ஒரு பெரிய வண்டியைத் தலையில் கட்டி, கூடுதல் காசும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வழிக்குச் சுமார் 370 கிலோமீட்டர். போக வர பெட்ரோலுக்கு ஆன செலவு அறை வாடகையைத் தாண்டிவிட்டது. அநியாயம்!

அங்கிருக்கும் சால்ட் என்ற பெரிய தொலைநோக்கியின் 11 மீட்டர் கண்ணாடியைப் பகல் சுற்றில் காட்டுகிறார்கள். ராத்திரி நாம் பார்ப்பது சின்னத் தொலைநோக்கிகளில்தான். அதுவே தாராளம். ஆனால் ஜூலைக் குளிர் எலும்பு வரை போகிறது. டர்பனிலிருந்து வந்திருந்த ஒரு தமிழ் அம்மா, "வாம்மா, இங்க நில்லு" என்று தன் கம்பளியில் பாதியை என் மனைவிக்குப் போர்த்திவிட்டார்.

உச்சியில் விருச்சிகம். அதன் நடுவில் சிவப்பாக அன்டாரஸ், நம் கேட்டை. "என் நட்சத்திரங்க!" என்றாள் மனைவி. மூத்தாருக்கு ஆகாது என்று அவள் ஜாதகத்தை மூன்று வீடுகள் திருப்பி அனுப்பின. கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. நானும் பார்த்தேன். ஊதிவிட்ட அடுப்புக்கரி போலத் தகதகவென்று துடித்தது.

சூரியனைவிடப் பத்து மடங்குக்கு மேல் நிறை அதற்கு. எரிபொருள் அத்தனை இருந்தால் ஆயுளும் கூடும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்மாறு! நிறை கூடக் கூட மையம் நெருக்குண்டு சூடேறுகிறது, ஹைட்ரஜன் படுவேகமாகத் தீர்கிறது. சூரியனுக்கு 1000 கோடி வருஷம் என்றால் இதற்கு ஓரிரண்டு கோடிதான். கடைசியில் மையத்தில் இரும்பு சேரும். இரும்பிலிருந்து ஆற்றல் கிடைக்காது, அதனால் மையம் சரிந்து நட்சத்திரம் வெடிக்கும். சூரியன் அப்படியில்லை, உப்பி, மேலுறையை உதறிவிட்டு, சுருங்கிய மையம் மட்டும் மிஞ்சி வெண்குள்ளனாக ஆறிப்போகும். அந்தக் குள்ளனின் நிறை சூரியனைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால் தாங்காது என்று 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போடத் தொடங்கியவர் நம் வானியற்பியலாளர் சந்திரசேகர். அப்போது வயது 19!

அப்புறம் ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினார்கள். அங்கேதான் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான பிராக்சிமா இருக்கிறது, 1915-இல் ஜோகன்னஸ்பர்க்கில் வானியலாளர் இன்னஸ் கண்டுபிடித்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சூரியனில் எட்டில் ஒரு பங்கு நிறை. உள்ளே மேலும் கீழும் கலந்துகொண்டே இருப்பதால் ஹைட்ரஜனைக் கொஞ்சங்கொஞ்சமாக, மிச்சம் வைக்காமல் செலவழிக்கும். லட்சக்கணக்கான கோடி வருஷம் தாங்கும்.

போகிறவர்கள் நிலா இல்லாத நாளாகப் பாருங்கள், சீட்டை முன்பே பதிவு செய்யுங்கள். சின்ன கார்தான் வேண்டும் என்று விடாமல் நில்லுங்கள். எல்லாரும் கிளம்பிய பிறகும் மனைவி மறுபடி ஒரு தடவை கேட்டையைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.